ஒன்பதாவது ஸ்கெட்ச்: ஒரு முடிசூட்டு கவுன் காகிதத்தில் உருவான விதம்

மியூசியத்தில் அசல் உடை கண்ணாடிக்குள் நிற்கும்போது, பக்கத்துச் சுவரிலிருக்கும் ஸ்கெட்சை நின்று பார்ப்பவர்கள் குறைவு. உடை மின்னுகிறது, காகிதமோ மங்கிய வெளிச்சத்தில் சிறிதாக இருக்கிறது. ஆனால் உடையில் நமக்குக் கிடைப்பது கடைசி முடிவு மட்டும். எதை யோசித்தார்கள், எதை ஒதுக்கினார்கள், யார் சொல்லி எது மாறியது என்பதெல்லாம் காகிதத்தில்தான் தங்கியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வரையப்பட்ட ஃபேஷன் ஸ்கெட்சுகளில் இதற்கு நல்ல உதாரணம், 1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி முடிசூடியபோது அணிந்த கவுனுக்காக உடை வடிவமைப்பாளர் நார்மன் ஹார்ட்னெல் வரைந்தவை. பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் அவருடைய முடிசூட்டு ஸ்கெட்சுகள் இருக்கின்றன. 60-ஆம் ஆண்டையொட்டி 2013-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் நடந்த கண்காட்சியில் பொதுமக்கள் அவற்றைப் பார்த்தார்கள்.

ஹார்ட்னெல்லின் தையலகம் லண்டன் மேஃபேரில், 26 ப்ரூட்டன் தெருவில் இருந்தது. 1947-ல் எலிசபெத்தின் திருமண உடையும் அங்கேதான் தைக்கப்பட்டது. 1952 அக்டோபரில் முடிசூட்டு கவுன் வேலை வந்தபோது அரசி சொன்ன நிபந்தனைகள் இரண்டு: வெட்டு திருமண உடையைப் போல இருக்க வேண்டும், துணி வெள்ளை சாட்டின். ஹார்ட்னெல் லண்டன் மியூசியத்திலும் லண்டன் நூலகத்திலும் பழைய முடிசூட்டு உடைகளைத் தேடிப் பார்த்துவிட்டு, ஒன்பது வடிவங்கள் வரைந்தார்.

அந்த ஒன்பதும் ஏனோதானோவென்று போடப்பட்ட வரிசை கிடையாது. எளிமையில் தொடங்கி, ஒவ்வொன்றாக அலங்காரம் ஏறிக்கொண்டே போகும். முதலாவது, விக்டோரியா அரசியின் முடிசூட்டு உடையை நினைவூட்டும் வெள்ளை சாட்டின். ஓரத்தில் மட்டும் எம்பிராய்டரி. இரண்டாவது உடலோடு ஒட்டிய மெலிந்த வெட்டு, தங்க எம்பிராய்டரியோடு எர்மின் என்னும் சிறு விலங்கின் கறுப்பு வெள்ளை வால் நுனிகள். மூன்றாவது வெள்ளி லேஸும் கண்ணாடிக் கற்களும் வைத்த அகலப் பாவாடை. நான்காவதில் லில்லிப் பூக்களும் தொங்கும் முத்துகளும். ஐந்தாவதில் முதல்முறையாக நிறம் நுழைகிறது: ஊதா வயலட், சிவப்பு ரோஜா, புஷ்பராக நிறத்தில் கோதுமை. ஆறாவதில் ஓக் இலைகளும் கொட்டைகளும். ஏழாவதில் பஞ்சு வைத்துப் புடைத்த தங்க ட்யூடர் ரோஜாக்கள். எட்டாவதில் பிரிட்டனின் நான்கு பகுதிகளின் தாவரச் சின்னங்கள், முழுக்க வெள்ளையும் வெள்ளியுமாக.

அரசிக்கு எட்டாவது பிடித்தது. ஆனால் வெள்ளையும் வெள்ளியும் மட்டும் என்றால் திருமண உடையோடு ரொம்ப ஒத்துப்போய்விடும் என்று பட்டது. ஐந்தாவதில் இருந்த நிறத்தை எட்டாவதன் சின்னங்களுக்குக் கொண்டுவரலாம் என்றார். பிரிட்டனோடு நிறுத்தாமல் காமன்வெல்த் நாடுகளின் சின்னங்களையும் சேர்க்கச் சொன்னதும் அவரே. அப்படிப் பிறந்ததுதான் ஒன்பதாவது. ஆக, ஒன்பதாவதை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதி விஷயம் புரியாது; ஐந்தும் எட்டும் பக்கத்தில் வேண்டும். ஒரு ஸ்கெட்சைச் சட்டம் போட்டுத் தனியாக மாட்டுவதில் உள்ள குறையே இதுதான். ஒதுக்கப்பட்ட தாள்களைத் தூக்கி எறியாமல் வரிசையோடு காப்பாற்றிய சேகரிப்புகளுக்கு மதிப்பு அதிகம்.

வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை உடை

வரைவதில் முதல் சிக்கல், வெள்ளை சாட்டினை வெள்ளைத் தாளில் எப்படிக் காட்டுவது என்பது. அந்தக் கால ஸ்கெட்ச் கலைஞர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, சாம்பலோ வெளிர் பழுப்போ ஏறிய தாளை எடுத்து, வெளிச்சம் படும் இடங்களை வெள்ளை வண்ணத்தால் போடுவது. இன்னொன்று, வெள்ளைத் தாளையே துணியின் நிறமாக விட்டுவிட்டு, மடிப்புகளின் நிழலை மட்டும் நீலம் கலந்த சாம்பலில் மெல்லப் பூசுவது. சாட்டினுக்கு நிழலின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். ஓரம் மங்கிக் கரைந்தால் அது கிரேப் மாதிரியோ வெல்வெட் மாதிரியோ தெரியும். பளபளப்பான துணியில் வெளிச்சம் பட்டையாக விழும்; அதனால் மடிப்பின் முகட்டில் ஒரு வெள்ளைப் பட்டை, உடனே அடுத்து கருநிழல், பிறகு அடியில் மெல்லிய எதிரொளி. மூன்றும் ஒரு விரல்நக அகலத்துக்குள் முடிந்துவிடும்.

வேலை வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும்: பென்சிலில் உருவம், அதன்மேல் மிக நீர்த்த முதல் பூச்சு, அது காய்ந்தபின் மடிப்பு நிழல், பிறகு குவாஷ், அதாவது போஸ்டர் கலர் போல அடி தெரியாத நீர்வண்ணம், எம்பிராய்டரி உருவங்களுக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் முத்துக்கும் கல்லுக்கும் வெள்ளைப் புள்ளிகள். அடிப் பூச்சு காயும் முன் குவாஷ் வைத்தால் நிறம் கசிந்து பூவின் விளிம்பு கலங்கிவிடும். குவாஷைத் தடிமனாக வைத்தால் காய்ந்தபின் வெடிக்கும். தாளைச் சுருட்டினாலோ வளைத்தாலோ முதலில் உதிர்வது இந்த வெள்ளைப் புள்ளிகள்தான். எழுபது வருடத்துக்குப் பின் ஸ்கெட்சில் முத்து குறைவாகத் தெரிந்தால் ‘வரைந்தவர் அடக்கி வாசித்திருக்கிறார்’ என்று உடனே முடிவு கட்டக் கூடாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உதிர்ந்த புள்ளியின் தடம் சின்ன வட்டமாகத் தெரியும்.

தங்க நிறத்திலும் ஒரு பொறி உண்டு. பலரும் பயன்படுத்திய ‘தங்க’ வண்ணம் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தூள். அது காற்றுப் பட்டு வருடக்கணக்கில் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். அதைப் பார்த்து ‘இந்த இடத்தில் பச்சை எம்பிராய்டரி இருந்தது’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. வெள்ளையிலும் அப்படித்தான்: ஈய வெள்ளை கந்தக வாயு பட்டால் கறுத்துவிடும். ஓர் ஓவியத்தில் வெளிச்சம் விழ வேண்டிய இடமெல்லாம் சாம்பல் புள்ளியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். துத்தநாக வெள்ளைக்கும் டைட்டானியம் வெள்ளைக்கும் அந்தக் குறை இல்லை.

ஒரே கவுனில் இரண்டு தாமரை

சின்னங்களுக்கு வருவோம், இந்த ஸ்கெட்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்துக்கு ட்யூடர் ரோஜா, ஸ்காட்லாந்துக்கு முட்செடிப் பூ, வட அயர்லாந்துக்கு ஷாம்ராக் இலை, வேல்ஸுக்கு லீக். கனடாவுக்கு மேப்பிள் இலை, ஆஸ்திரேலியாவுக்கு மஞ்சள் வாட்டில் பூ, நியூசிலாந்துக்குப் பெரணி இலை, தென்னாப்பிரிக்காவுக்கு ப்ரோட்டியா பூ. பாகிஸ்தானுக்குக் கோதுமை, பருத்தி, சணல் மூன்றும். இந்தியாவுக்குத் தாமரை. இலங்கைக்கும் தாமரை.

இந்தியா 1950-லேயே குடியரசாகிவிட்டது. எலிசபெத் அதன் அரசி இல்லை, காமன்வெல்த்தின் தலைவர் மட்டும். இலங்கைக்கு அவர் அரசி. இரு நாட்டுக்கும் ஒரே பூ வந்தபோது, பார்ப்பவருக்கு ஒன்று மற்றதன் நகலாகத் தெரியக் கூடாது. ஹார்ட்னெல் இதைப் பொருட்களால் தீர்த்தார். இந்தியத் தாமரையின் இதழ்கள் முத்துச்சிப்பி வேலையில். கூடவே கடுகு முத்துகளும் வைரம்போல் மின்னும் கண்ணாடிக் கற்களும். இலங்கைத் தாமரையில் ஓபல் கற்கள், முத்துச்சிப்பி, கற்கள், அவற்றோடு மெல்லிய பச்சைப் பட்டு. ஒன்று குளிர்ந்த வெள்ளையாகவும் மற்றது நிறம் மாறி மாறி மின்னுவதாகவும் இருக்கும். ஆனால் சிறிய ஸ்கெட்சில் இரண்டு தாமரையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். பொருளின் வேறுபாடு குவாஷ் புள்ளியில் வராது. அதனால்தான் ஸ்கெட்சோடு எம்பிராய்டரி மாதிரிகளும் தனியாகச் செய்து அரசியின் ஒப்புதலுக்குக் காட்டப்பட்டன. ஸ்கெட்ச் இடத்தையும் அளவையும் நிறத்தையும் சொல்லும். மாதிரித் துண்டு பளபளப்பையும் எடையையும் சொல்லும். இரண்டில் ஒன்று மட்டும் மியூசியத்துக்கு வந்திருந்தால் நம் தீர்ப்பும் பாதிதான்.

லீக் கதை எல்லோருக்கும் தெரிந்தது, ஆனாலும் அதன் வடிவமைப்புப் பாடம் முக்கியம். வேல்ஸுக்கு டஃபோடில் பூவை வரைய வேண்டும் என்பது ஹார்ட்னெல்லின் ஆசை. மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பான கார்ட்டர் அதிகாரி, முறையான சின்னம் லீக்தான் என்று சொல்லிவிட்டார். லீக் என்பது வெங்காயக் குடும்பத்துக் காய்கறி. நீண்ட வெள்ளைத் தண்டு, மேலே விரியும் தட்டை இலைகள். அரச கவுனில் அதை அப்படியே வரைந்தால் சந்தைக் கூடைபோல் ஆகிவிடும். அவர் தோட்டத்தில் லீக்கைப் பறித்துப் பார்த்தார். வெல்ஷ் கார்ட்ஸ் படையின் தொப்பிச் சின்னம் நினைவுக்கு வந்தது. அங்கே அது ஏற்கெனவே அலங்கார வடிவமாகச் சுருக்கப்பட்டிருந்தது. தண்டை வெள்ளைப் பட்டிலும் கற்களிலும், இலைகளை மிக வெளிறிய பச்சையிலும் எடுத்தபோது காய்கறி மறைந்து அலங்காரம் வந்தது.

மற்றவற்றின் பொருட்களும் இதே கவனத்தோடு பிரிக்கப்பட்டிருக்கின்றன. ரோஜா வெளிறிய இளஞ்சிவப்புப் பட்டில். முட்செடிப் பூ இளம் ஊதாப் பட்டும் செவ்வந்திக் கற்களும். மேப்பிள் இலை பச்சைப் பட்டில், விளிம்பு தங்கச் சுருள் கம்பியில், நரம்பு கண்ணாடியில். பெரணி இலையின் நரம்பு வெள்ளியில். ஐரோப்பியர் இதற்குப் பயன்படுத்திய அந்தச் சுருள் கம்பி, நம்மூரில் ஆரி வேலை செய்பவர்கள் ஜர்தோசி என்று வாங்கித் துண்டு துண்டாக நறுக்கித் தைப்பதன் உறவுதான். பாவாடையில் இந்தச் சின்னங்கள் கீழே போகப் போக அகலமாகும் மூன்று வளைவு அடுக்குகளில் அமைகின்றன. அடுக்குகளின் ஓரத்தில் தங்கக் குழல் மணி, கல், முத்து மாறி மாறி வரும்.

தாளிலிருந்து துணிக்கு

ஃபேஷன் ஸ்கெட்சில் வரும் பெண் நிஜத்தைவிட உயரம். சராசரி உடல் தன் தலையின் உயரத்தைப்போல ஏழரை மடங்கு. ஸ்கெட்சில் ஒன்பது மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். கூடுதல் உயரத்தின் பெரும்பகுதி இடுப்புக்குக் கீழேதான் போகும். ஒன்பது மடங்கு உருவத்தில் இடுப்பிலிருந்து தரைவரை சுமார் ஆறு தலை. நிஜத்தில் ஐந்துக்கும் குறைவு. அதாவது பாவாடையின் நீளம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, அகலம் குறைவதில்லை. மூன்று அடுக்கு எம்பிராய்டரியை ஸ்கெட்சில் இருக்கும் விகிதத்திலேயே பெரிதாக்கினால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு அடுக்கின் உயரத்தையும் சுருக்கி, இடைவெளியைத் திரும்பக் கணக்கிட வேண்டும். அரசி உயரம் குறைவானவர் என்பதால் இந்தக் கணக்கில் தப்பவே முடியாது. ஸ்கெட்சையும் உடையின் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்து, இடுப்புக்கும் முதல் அடுக்குக்கும் நடுவே உள்ள வெறும் சாட்டினை அளந்து பாருங்கள். எங்கே சமரசம் நடந்தது என்று அதுவே சொல்லும்.

இந்த வகை வேலை நடக்கும் முறை இது. முதலில் மலிவான பருத்தித் துணியில் முழு உடையின் மாதிரி தைத்து உடம்பில் பார்த்துச் சரிசெய்வார்கள். அந்த மாதிரியைப் பிரித்து, ஒவ்வொரு பீஸையும் தட்டையாக வைத்து, ட்ரேஸிங் பேப்பரில் நிஜ அளவில் டிசைன் வரைவார்கள். கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, தாளைச் சாட்டின்மேல் வைத்து, தூளை ஒற்றினால் புள்ளிக்கோடு இறங்கும். வெள்ளைச் சாட்டினில் கரித்தூள் போட்டால் கறை போகாது. வெளிறிய சாம்பல் அல்லது நீலத் தூள்தான் பாதுகாப்பு. தாளைத் தூக்கும்போது இழுபட்டால் கோடு இரட்டையாகிவிடும், எனவே நேராக மேலே தூக்க வேண்டும்.

பீஸ்களை வெட்டிவிட்டு எம்பிராய்டரிச் சட்டத்தில் கட்டுவதில்லை. முழுத் துணியைக் கட்டி, வெட்டுக்கோட்டைக் குறித்து, வேலை முடிந்த பிறகே வெட்டுவார்கள். நெருக்கமாகத் தைக்கத் தைக்கத் துணி உள்ளே சுருங்கும். முன்கூட்டியே வெட்டினால் இடுப்பில் ஒரு விரலளவு குறைந்து நிற்கும். தையல் மூட்டின் இருபுறமும் மணி இல்லாமல் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் ஊசி கண்ணாடி மணிமேல் பட்டு உடையும். மூட்டைக் கடக்கும் பூக்களைப் பாவாடை சேர்ந்த பின் கையால்தான் நிரப்ப முடியும். சாட்டினில் ஊசித் துளை அடையாமல் அப்படியே நிற்கும் என்பதால் பிரித்துத் திரும்பத் தைக்கும் வாய்ப்பும் குறைவு.

எடைதான் பெரிய எதிரி. விரிந்த பாவாடையின் பீஸ்களில் பக்க ஓரங்கள் கிராஸில், அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வரும். கிராஸில் துணி நீளும். மணிகளின் பாரம் அங்கே தொங்கினால் ஓரம் ஒழுங்கில்லாமல் இறங்கிவிடும். ஸ்கெட்சில் இதெல்லாம் ஒரே வளைகோடு. நிஜத்தில் அந்த வளைகோட்டை நிறுத்தி வைக்க, பாவாடைக்குள் க்ரீம் நிற டாஃபெட்டா (மொடமொடப்பான பட்டுத் துணி) லைனிங்கும் அதற்கு விறைப்புக் கொடுக்கக் குதிரைமயிர்த் துணியும் சேர்க்கப்பட்டன. இந்தக் கவுனின் வடிவத்துக்குப் பாதிப் பெருமை வெளியே தெரியாத அந்த லைனிங்கைத்தான் சேரும். ஆனால் எந்த ஸ்கெட்சிலும் அது வரையப்படவில்லை.

ஸ்கெட்ச் சொல்லாத இன்னும் சில உண்டு. முதலாவது, முதுகுப்பக்கம். ஊர்வலத்தில் தோளிலிருந்து கனத்த அரச மேலங்கி தொங்கும். அதனால் முன்பக்கத்துக்கே வரைபடத்தில் முதலிடம். அந்த ஊதா வெல்வெட் மேலங்கி தனி வேலை; ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்கின் 12 பேர் 3,500 மணிநேரம் அதன் எம்பிராய்டரியைச் செய்தார்கள். இணையத்தில் இந்த எண்களைக் கவுனுக்கு ஏற்றிச் சொல்பவர்கள் அதிகம், கவனமாக இருக்க வேண்டும். இரண்டாவது, பட்டு எங்கிருந்து வந்தது என்பது: கெண்ட் பகுதியின் லலிங்ஸ்டோன் பட்டுப்பண்ணையிலிருந்து. மூன்றாவது, ஒரு நான்கிலை ஷாம்ராக். ஷாம்ராக் மூன்றிலைதான், பாவாடையின் இடதுபக்கத்தில் ஒன்றை மட்டும் நான்கிலையாக, அதிர்ஷ்டத்துக்காக, அரசிக்குத் தெரியாமல் ஹார்ட்னெல் தைக்க வைத்தார். 

அந்தக் கவுன் ஒரு நாளோடு ஓய்ந்துவிடவில்லை. 1954 சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா நாடாளுமன்றங்களைத் திறந்துவைத்தபோதும், ஏப்ரலில் கொழும்பில் இலங்கை நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தபோதும் அரசி அதையே அணிந்தார். ஓபல் தாமரை தன் நாட்டின் வெயிலுக்கு வந்தது அப்போதுதான். குளிர்ந்த லண்டன் தேவாலயத்துக்காகக் கணக்கிட்ட சாட்டின், டாஃபெட்டா, குதிரைமயிர் அடுக்குகளைக் கொழும்பின் ஏப்ரல் புழுக்கத்தில் உடுத்துவது என்றால் என்ன என்று நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1957-ல் கனடாவிலும் அதை அணிந்தார்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்த மாதிரித் தாள்கள் ஏன் இருட்டில் இருக்கின்றன என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நீர்வண்ணத்துக்கான வழக்கமான வரம்பு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெளிச்சத்தால் வெளுத்த நிறம் திரும்ப வராது. இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். இந்த ஸ்கெட்சில் ரோஜா, ப்ரோட்டியா, முட்செடிப் பூ எல்லாம் அந்த நிறங்கள்தான். அதனால் சில மாதங்கள் காட்டிவிட்டு நீண்ட நாள் பெட்டிக்குள் வைப்பார்கள்.

தையலகங்களிலிருந்து வரும் ஸ்கெட்சுகளில் துணித்துண்டு குண்டூசியால் குத்தியிருக்கும். ஊசி துருப்பிடித்துத் தாளையும் துணியையும் சேர்த்து அரிக்கும்; பிடுங்கினால் துரு வளையத்தோடு காகிதமும் வரும். பிசின் டேப் ஒட்டியிருந்தால் மஞ்சள் எண்ணெய்க் கறை. அமில அட்டையில் ஒட்டியிருந்தால் தாள் ஓரத்திலிருந்து பழுப்பாகும். வீட்டில் பாட்டி காலத்துத் தையல் ஸ்கெட்ச் வைத்திருப்பவர்கள் ஊசியையும் டேப்பையும் தாங்களே எடுக்க முயல வேண்டாம். அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, தட்டையாக, சுருட்டாமல் வைத்தாலே பெரும்பகுதி சேதம் நிற்கும்.

ஆன்லைனில் பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முகத்தையோ கவுனையோ அல்ல, தாளின் ஓரங்களை. பென்சில் குறிப்பு, எண், வாடிக்கையாளர் பெயர், துணியின் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். பின்பக்கப் படமும் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். கீழே கையெழுத்து இருந்தால் அது தையலகத்தின் பெயரைச் சொல்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்; வரைந்த கை யாருடையது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பெரிய தையலகங்களில் சம்பளத்துக்கு வரையும் ஸ்கெட்ச் கலைஞர்கள் இருந்தார்கள். எதற்காக வரைந்தது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உடை தைப்பதற்கு முன் வரைந்தது ஒன்று. தைத்து முடித்தபின் பதிவுக்கோ வாடிக்கையாளருக்கோ வரைந்தது இன்னொன்று. பத்திரிகைக்கு வரைந்தது மூன்றாவது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலுள்ள பெர்க்டார்ஃப் குட்மேன் கடை ஸ்கெட்சுகளைப் பார்த்தால், கடைக்கு வேண்டியபடி பட்டன், தையல் மூட்டு, பெல்ட் எல்லாம் எண்ணிப் பார்க்கும்படி வரைந்திருப்பது தெரியும். ஹார்ட்னெல் ஸ்கெட்சுகளில் அந்தத் துல்லியம் எம்பிராய்டரியில் மட்டும். வெட்டை அவர் தன் தையல்காரர்களிடம் விட்டுவிடுகிறார்.

முடிசூட்டு ஸ்கெட்ச் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் ஏராளமாக அச்சானது. சட்டம் போட்ட அந்தப் பக்கங்கள் இன்றும் ‘ஒரிஜினல்’ என்று விற்பனைக்கு வரும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்: வண்ணம் முழுக்க ஒழுங்கான சிறு புள்ளிகளாகப் பிரிந்தால் அது அச்சு. அசலில் நிறம் தாளின் இழைகளுக்குள் ஓடியிருக்கும், வெள்ளைப் புள்ளிகள் தாளைவிட்டு மேலெழும்பி நிற்கும், பென்சில் கோடு சாய்ந்த வெளிச்சத்தில் கிராஃபைட் பளபளப்போடு தெரியும்.